மூட்டை 212

முதலில் முகம் கேட்டது.
மூக்கை இழுக்கலாம், தாடையை அகட்டலாம்,
கன்னத்தில் தழும்பு வேண்டுமென்றால் எட்டு வகை.
கேரட் கழுவும் ஷெட்டில், ராத்திரி ஒன்றே முக்காலுக்கு,
முதலாளி பில் போடக் கொடுத்த லேப்டாப்பில்
எனக்கு நானே முகம் செய்துகொண்டிருந்தேன்,
விரல் பத்தும் விறைத்துப்போய்.
தழும்பு மட்டும் என்னுடையதையே வைத்தேன்.

அடுத்தது பெயர்.
என் பெயர் ஏற்கனவே யாரிடமோ இருந்தது.
தங்கச்சி பெயரும்.
கேத்தி பாலாடா என்றேன், நீளம் என்றது.
எடைமேடையிலிருந்து பெள்ளிராஜ் கத்தினான்:
"மூட்டை இருநூத்திப் பன்னண்டு, எழுதிக்க!"
எழுதினேன்.
நோட்டில் அல்ல.

ஒரு கப்பல் இலவசம்.
நசுங்கிய தகர டப்பாவுக்கு லைட் போட்ட மாதிரி.
புதிதாக வருகிற எல்லோருக்கும் அதே டப்பாதானாம்.
பொத்தானை அழுத்தினேன்,
நிலையத்தின் வாய் என்னைத் துப்பியது.

மூன்று வாரமாக எங்கள் கூரைக்கு மேலே வெறும் மஞ்சு.
இங்கேயோ எண்ண முடியாத அளவுக்கு நட்சத்திரம்,
ஒன்றுக்கும் பெயர் தெரியாது,
ஸ்பீக்கர் வேறு வேலை செய்யாது.
கழுவுகிற டிரம் சுற்றும் சத்தத்தையே
என் எஞ்சின் என்று வைத்துக்கொண்டேன்.

வேலை என்னவென்றால் கல் உடைப்பது.
பாறை ஒன்றைக் குறிவைத்துக் கதிரைப் பாய்ச்சிவிட்டு
சும்மா இருக்க வேண்டும்.
வயிறு நிறைந்ததும் போ, கொட்டு, திரும்பி வா.
இதைச் சொல்லித்தர ஒரு குரல், கீழே எழுத்தாக ஓடியது.
எனக்குச் சிரிப்பு.
மண்ணோடு வருவதை அலசி, ரகம் பிரித்து, சாக்கில் கட்டி
லாரி ஏற்றுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு
அதே வேலையை இன்னொரு தரம், கூலி இல்லாமல்!
ஆனால் அங்கே ஈரத்துக்குக் கழிவு இல்லை.
முறிந்தது, வெடித்தது, ரெண்டு கால் உள்ளது என்று
யாரும் எதையும் ஓரமாகத் தள்ளவில்லை.

புதியவர்களின் அரட்டையில் யாரோ எழுதியிருந்தார்:
சீக்கிரம் ஒரு தரம் செத்துவிடுங்கள்,
அப்புறம் விளையாட வரும்.

நான்காவது வாசலில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை.
படிக்கவில்லை. எது வந்தாலும் சரி என்று அழுத்தியே பழகிய கை.
சிவப்பாக ஒருவன் வந்தான்.
பதினோரு நொடி.
கல்லெல்லாம் சிதறி மிதக்க,
முட்டை போல ஒன்றுக்குள் நான் மட்டும் மிச்சம்.

"புதுசா?"
"ஆமா."
"எந்த ஊர்?"
"மலை."
"எந்தக் கிரகம்?"
யோசித்து, கேத்தி என்று அடித்தேன்.
"போனதில்லை. அங்கே என்ன கிடைக்கும்?"
"கேரட்."
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
பிறகு என் கணக்கில் மூன்று கப்பலுக்கான காசு விழுந்தது.
நன்றி சொல்வதா, திட்டுவதா தெரியாமல்
மறுபடி அந்த இலவச டப்பாவிலேயே ஏறிப் போனேன்,
சிந்தினதைப் பொறுக்க.

பாதி பொறுக்கியிருப்பேன், கரண்ட் போனது.
டிரம் நின்றது, நெட்டும் போனது.
இருட்டில் ஆறுச்சாமி லாரியின் ஹாரன்,
தார்ப்பாய் இழுக்கும் சத்தம், யாரோ தும்மல்.
பாட்டரியில் மினுங்கிய திரை
தொடர்பு இல்லை என்றது,
அதையும் சரி என்றேன்.

காலை பத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து போன்.
நோட்டில் இருநூத்தி முப்பத்தொண்ணு,
இறக்கியது முப்பத்திரண்டு.
"ஒண்ணு கூட வந்திருக்கே, எங்கிருந்து?" என்றார் முதலாளி,
குறைந்திருந்தால் கத்தியிருப்பார்,
கூடினதற்கு எந்த முகம் வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.

அது நான்கு வாசல் தள்ளி, பாதி வயிறு நிறைந்து,
யார் வெளிச்சமும் படாமல் நிற்கிறது
என்று சொல்லவா முடியும்?

"விட்டுப்போச்சுங்க," என்றேன்.
"ராத்திரி வந்து சேர்த்துடறேன்."