உடனிருந்தோர்

கூட்டக் குறிப்பில் இரண்டு பட்டியல்.
வந்திருந்தோர்: ஒன்பது பேர், பட்டங்களோடு.
கீழே, ஒரு வரி இடம் விட்டு,
உடனிருந்தோர்: நான்.
பதினாலு வருஷமாக
அந்த இடத்தை விட்டுத் தட்டச்சு செய்வதும்
நானேதான்.

ஆபீசில் என்ன வேலை அத்தை என்றாள் அண்ணன் மகள்.
டத்தோவின் டைரி என்றேன்.
"அதில் என்ன எழுதுவார்?"
அவர் எழுதமாட்டார். நான் எழுதுவேன்,
அவர் அதன்படி நடப்பார்.
"அப்ப நீங்கதானே முதலாளி!"
இல்லை கண்ணு.
முதலாளிக்கு எந்தக் காது மந்தம் என்று தெரிந்து
வங்கிக்காரரை வலப்பக்கம் உட்காரவைப்பவள்.
அவ்வளவுதான்.

அவளிடம் சொல்லாதது:
வியாழன் மூன்று மணிக்கு 'தணிக்கை' என்று
நான் பூட்டிவைத்திருக்கும் அரை மணி,
டயாலிசிஸ் முடிந்து எழும் மனைவியோடு
அவர் போனில் பேசும் நேரம்.
தணிக்கையாளர்களே இதுவரை
அதைப் பற்றிக் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை
இருபத்து மூன்றாம் மாடியில், ஏர்கோன் குளிரில்,
கிள்ளான் கிடங்கை மூடுவதென்று தீர்மானம்.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எழுதிக்கொண்டேன்.
நாற்பத்தொரு கடிதங்கள்.
தேதி, தீபாவளிக்கு முதல் நாள்.
யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.
நாட்காட்டியைப் பார்க்கவில்லை.
நாட்காட்டியைப் பார்ப்பது
அவர்கள் வேலை இல்லையே.

அன்றிரவு செந்தூல் ரயிலுக்காக
மஸ்ஜித் ஜாமெக்கில் நின்றேன். மழை விட்டிருந்தது.
கீழே கோம்பாக் ஆறு கிள்ளானில் சேர்ந்து
தன் பேரைத் தொலைத்துக்கொண்டிருந்தது.
இதில் ஏதோ எனக்கென்று இருக்கிறது என
நினைக்கப் பார்த்தேன்.
பசி. நினைப்பு நிற்கவில்லை.

மறுநாள் கடிதங்களைப் பேர் பேராக வாசித்தேன்.
பெரியண்ணனுக்கு ஓர் எழுத்து குறைவு.
ரொஸ்னானிக்குத் தகப்பன் பேரே வேறு.
லியூ கிம் தோங்குக்கு இரண்டு முறை வேலை போயிருந்தது.
நாகம்மாவை யாருக்கோ மகன் ஆக்கியிருந்தார்கள்.
தப்பான பேரில் ஒருவருக்கு
வேலை போகக்கூடாது.
இதை எங்கும் எழுதிவைக்கவில்லை.
ஆனால் இது சட்டம்.

கதவைத் தட்டினேன்.
"டத்தோ, பேர்களில் பிழை. திருத்த ஆறு நாள் ஆகும்."
ஒரு மணி நேர வேலை.
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
மேசை நாட்காட்டியைப் பார்த்தார்.
"ஆறு போதுமா?"
"எட்டு" என்றேன்.

வேலை போனது போனதுதான்.
எட்டு நாள் கழித்து, எழுத்துப் பிழையில்லாமல்.
தெரியாத அந்த எட்டு நாளில்
புதுத்துணிக்கும் பலகாரத்துக்கும் செலவான காசு
பிறகு அவர்களை உறுத்தியிருக்குமோ?
முன்பே சொல்லியிருந்தால் சேர்த்து வைத்திருப்பார்களோ?
சில இரவுகளில் இன்னும் கணக்குப் போடுகிறேன்.
ஒருமுறை நான் செய்தது சரி என்று வருகிறது.
மறுமுறை வருவதில்லை.

அடுத்த கூட்டத்தின் குறிப்பில்
தாமதத்தின் காரணம்: பெயர்த் திருத்தம்.
யாரும் எதுவும் கேட்காமல் உறுதி செய்யப்பட்டது.
ஒரு வரி இடம் விட்டேன்.
என் பேரைத் தட்டினேன்,
இந்த முறை கொஞ்சம் மெதுவாக,
எழுத்தெழுத்தாய்ச் சரிபார்த்து:
திலகேஸ்வரி.

இன்று வியாழன்.
மணி மூன்றாகப் போகிறது.
எழுந்துபோய்
அவர் அறைக் கதவைச் சாத்த வேண்டும்.