இரண்டடித் தொட்டி

டொக்டர் புவிதரன் ஐயாயிரம் ரூபாய்த் தாளை
ரசீதுப் புத்தகத்தின் மேல் வைத்தார்.
"நல்ல கலரா நாலஞ்சு மீன் வாங்கி வாங்க, சுகிர்தா.
பல்லுக் குத்தோட காத்திருக்கிற சனம்
எதையாவது பார்த்துக்கொண்டிருக்கட்டும்."
அவருக்குத் தெரிந்த மீன் இரண்டே வகை:
பொரித்தது, ஆக்கியது.

காத்தான்குடியில் சைக்கிள் திருத்தும் கடைக்குப் பின்னால்
இல்ஹாமின் கடை ஒரு நீல இருட்டு.
நியோன் டெட்ராவைக் காட்டினேன்,
யாரோ கீறிவிட்டுக் கையெடுக்க மறந்த
மெல்லிய வெளிச்சக் கோடுகள்.
"இதில பத்து."
அவன் விலை சொல்லவில்லை.
"உங்கட கிணத்துத் தண்ணி கொண்டந்திரிக்கா?" என்றான்.

மீன் வாங்கப் போகிறவள் தண்ணீர் கொண்டு போவாளா?
மறுநாள் கொண்டு போனேன்,
வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலில்,
ஏழு தரம் கழுவி.

காகிதக் கீலத்தை நனைத்து பல்புக்கு நேரே பிடித்தான்.
கடலுக்கும் வாவிக்கும் நடுவே
கொஞ்சம் மணல், அதுதான் எங்கள் கல்லடி.
கிணறு எந்தப் பக்கம் சாய்ந்து குடித்தாலும்
சிப்பியின் சுண்ணாம்பு அதன் நாக்கில்.
கேத்தலின் அடியில் நான் வாரம் வாரம்
புளி போட்டுத் தேய்க்கும் வெள்ளை.
"வன்தண்ணி. இந்த நீலக்கோடு மழைத்தண்ணிச் சாதி.
ஒரு மாசம் இரிக்கும்.
மறுகா ஒவ்வொண்டா மிதக்கும்."

அப்ப அந்தப் புலி வரி?
"பக்கத்தில ஓடுறவண்ட செட்டைய கத்தரிச்சிப் போடும்."
ஏஞ்சல்?
"இப்ப ரெண்டு ரூவாக் குத்தியளவு. ஆறு மாசத்தில சோசர்.
கப்பிக் குஞ்செல்லாம் அதுக்கு வடை."
ஃபைட்டர்?
சிரித்தான்.
"கப்பிட வாலக் கண்டாப் போதும்,
எதிரி வந்திட்டானெண்டு நெனைக்கும்."

எனக்குப் புதிதல்ல.
காணி வழக்கில் நிற்கும் இரண்டு மச்சான்மாருக்கு
ஒரே பின்னேரத்தில் நான் நம்பர் கொடுப்பதில்லை.

அன்றும் மீன் தரவில்லை.
"மூணு கிழம வெறும் தண்ணிய ஓட விடுங்க."
டொக்டர் முகக்கவசத்துக்கு மேலால் பார்த்தார்:
"என்ன, நாங்க தண்ணி வளர்க்கிறமா?"

மூன்று கிழமை
குமிழிகள் எழுந்து எழுந்து ஒன்றுமில்லாமல் போயின.
கன்னம் வீங்கியவர்கள், கம்பி போட வந்தவர்கள்,
எல்லாரும் கிறுகி இருந்து அதையே பார்த்தார்கள்.
யதுர்ஷன் என்ற பொடியன் கண்ணாடியில் விரல் வைத்து
"அந்தா போகுது! ஒளிச்சிட்டு!" என்றான்.
கடைவாய்ப் பல் பிடுங்க வந்த லொறிக்காரர்
தானும் கண்டதாகச் சொன்னார்,
இரண்டு கண்டதாக.
நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வந்தவை:
ஆரஞ்சு பிளாட்டி ஆறு, கறுப்பு மோலி மூன்று.
ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கு.
கிணற்று நீர் பிடித்த சாதி, கடிக்காத வாய்,
ஒன்றையொன்று விழுங்க முடியாத அளவு.
மிச்சக் காசை நீட்டியபோது டொக்டர்
மீனை விட்டுவிட்டுக் காசை எண்ணினார்.

எல்லாம் சரியாய்த்தான் இருந்தது.
ஆனாலும் நாலாம் நாள்
ஆண் மோலி எல்லாரையும் துரத்தினான்.
பிளாட்டிகள் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால்
வங்கி வரிசையைப் போல் ஒட்டி நின்றன.
அவனைச் சாப்பாட்டுப் பெட்டியில் ஏந்தி
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
பிரேக் போடும்போதெல்லாம் மூடிக்குள் ஒரு தட்டு.

தண்ணியா? சாப்பாடா? ஆளெண்ணிக்கையா? கேட்டேன்.
இல்ஹாம் தோளைக் குலுக்கினான்.
"காரணமில்ல. சில உருப்படி அப்பிடித்தான்."
காசு மேசையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் விட்டான்.
விற்கவில்லை.
போன மாதம் போனபோதும் அங்கேதான்,
கணக்கு எழுதும் பேனையின் பின்னால்
சாந்தமாய்ச் சுற்றிக்கொண்டு.

இப்போது எட்டு.
பகல் ஒரு மணிக்கு நம்பர் இல்லை.
பெட்டி மூடி திறக்கும் சத்தம்
தங்களுக்கென்று நினைத்துக் கண்ணாடிக்கு ஓடி வரும்.
கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து
மணலை மீன் குழம்பைப் பிசைகிறேன்.
முதுகுக்குப் பின்னால்
எட்டு வாய் திறந்து மூடுவது
எனக்குத் தெரியும்.