ஒன்றரைச் சுற்று

எண்பத்தொன்பதாம் வருடத்துச் செவெட்.
புது ஸ்பிரிங்கின் விலையைக் கேட்டுவிட்டு
ஜோஸிமார் பேசாமல் திரும்பி வந்தான்.
மச்சினனிடம் கிரைண்டர் இரவல்,
ஒரு ஞாயிறு, இரண்டு பிளேடு,
ஸ்பிரிங்குக்கு ஒன்றரைச் சுற்று வெட்டு.
கடைசித் துண்டு சூட்டோடு உருண்டுபோய்க்
கோழிக்கூண்டடியில் கிடந்தது.
எடுக்க ஆளில்லை.

இடப்பக்கம் ஒரு விரல் கூடுதல் தாழ்வு.
"தெருதான் கோணல்" என்றான்.
கொன்டாஜெமில் எந்தத் தெரு நேர்?
ஒத்துக்கொண்டோம்.

மாலையில் ஐந்து பேர் ஏறினோம்.
பேக்கரி வரைக்கும் ராஜாக்கள்.
பள்ளிக்கூடத்து வேகத்தடையில்
கர்ரென்று வயிறு தட்டி நின்றது வண்டி.
நால்வரும் இறங்கினோம்,
ஜுசேலியா கேக் பெட்டியோடு.
காலி வண்டி குறுக்காக ஏறியது,
குளிர்ந்த நீரில் கால் வைப்பவன்போல
ஒரு சக்கரம்,
யோசித்து,
இன்னொரு சக்கரம்.
பின்னால் பேருந்தின் ஹாரன்.
"தூக்கி வைக்கட்டுமா?" என்றார் ஓட்டுநர்.

வீட்டுக்குள் போய்ச் சேர ஒன்பது வேகத்தடை.
நான்காவதுக்குப் பிறகு யாரும் ஏறவில்லை.
அவன் ஓட்ட,
நாங்கள் பக்கத்தில் நடந்தோம்,
ஜன்னல் வழியாகக் கேக் ஊட்டிக்கொண்டு.

பேச வேண்டுமானால் மட்டும்
முன்னைவிட
ஒன்றரைச் சுற்று
குனிய வேண்டியிருந்தது.