எதிர்க்காற்று

ஹெல்சிங்கியில் என் மேசைக்கும்
நரிதாவின் ஓடுபாதைக்கும் நடுவே
ஏழாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
அன்றும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான்.
பூமியை யாரும் இழுத்து நீட்டவில்லை.

ஆனால் அந்தப் பிப்ரவரிக் கடைசியில்
இடையிலிருந்த தேசம் வானத்தைச் சாத்தியது.
சத்தம் எதுவும் கேட்கவில்லை.
திரையில் ஒரு நிறம் மாறிற்று,
நான் மனப்பாடமாய் வைத்திருந்த வழிப்பெயர்கள்
ஒரே இரவில் செல்லாக்காசாயின.
ஒன்பதரை மணி நேரம்
பதின்மூன்று ஆனது.

வழி போடுவது என் வேலை.
எங்கே ஏறுவது, எங்கே திரும்புவது,
எஞ்சின் ஒன்று நின்றுபோனால்
எந்த ஊரில் இறங்குவது,
எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து:
ஐலா ரவுதனென்.
பனியில் இறங்க நேர்ந்தால் அணிய
தடித்த ஆரஞ்சு உடுப்புகள் நான்கு
விமானத்தில் மடித்து வைத்திருக்கிறோம்.
இருநூற்று எழுபது பேருக்கு நான்கு.
கேட்காதீர்கள்.

மியோவுக்கு எட்டு வயது.
அவள் அப்பாவோடு சகுராவில் இருக்கிறாள்.
பூவின் பெயர்தான் ஊருக்கும் என்று
நெடுநாள் நினைத்திருந்தேன்.
எழுத்து வேறு என்றான் கென்டா,
நாங்கள் பிரிவதற்குச் சற்று முன்னால்.

போனில் கேட்டாள்:
"அம்மா, நீ வீடு மாறிட்டியா?"
இல்லையே.
"அப்போ ஏன் தள்ளிப் போயிட்டே?"
ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்துவரச் சொல்லி
பேனாவால் கோடு போடச் சொல்லி
காம்பைச் சுற்றி வரும் வழியைக் காட்டினேன்.
கடைசியில் அவள் அதை உரித்துத் தின்றது கேட்டது.
"நேரா வர விடுங்கன்னு அவங்ககிட்ட கேட்டியா?"
கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.
யார் என்று அவள் கேட்கவில்லை.

ஜூலையில் தனியாக வந்தாள்,
கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு.
பெரிங் நீரிணை தாண்டி
நேர் வடக்கே, துருவத்துக்கு.
தீர்க்கரேகைகளெல்லாம் ஒரு முடிச்சாகும் இடம் அது;
மணி என்ன என்று கேட்டால்
எந்தப் பதிலும் சரி.
அவளுடைய புள்ளி அதைக் கடந்தபோது
எங்கள் இருவருக்கும் இடையிலிருந்த ஆறு மணி நேரம்
எந்தப் பனியில் கழன்று விழுந்ததோ.
காபி ஆறிப்போயிருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
அந்த விமானத்துக்கு
கணக்குக்கு மேல் எழுநூறு கிலோ
எரிபொருள் ஏற்றச் சொல்லியிருந்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
எதிர்க்காற்று என்று எழுதினேன்.
காற்று அன்று பின்னாலிருந்துதான் வீசியது.

அத்தனை தூரத்துக்கு எழுநூறு ஏற்றினால்
ஏறக்குறைய முந்நூறு
அதைச் சுமந்து வருவதற்கே எரிந்துபோகும்.
இது எனக்குத் தெரியும்.
இதைப் புதியவர்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

தரை தொட்டபோது மிச்சம்
நானூற்றுப் பதினைந்து.
எழுதி, தேதி போட்டு,
மேல்சட்டையை எடுக்க மறந்து
மூன்றாம் வாசலுக்கு ஓடினேன்.