கட்டிய இடம்

அமாவாசை ஏற்றம் பார்த்து
வாலிநோக்கம் மணலில் அதை ஏற்றினார்கள்.
கச்சான் ஓய்ந்திருந்தது.
கடைசி ஒரு மைல் முழு விசை.
மூக்கு குத்தி, எஞ்சின் நின்ற பிறகும்
இன்னும் கொஞ்சம் கரையேறப் பார்த்தது.

கார்களைச் சுமந்து
கரைக்கும் கரைக்கும் போய்வந்த கப்பலாம்.
நாங்கள் உடைத்ததில் பதினாலாவது.

நான் எடைமேடைக் கணக்கன்.
படிவத்தில் பத்தொன்பது கட்டம்.
நீளம், அகலம், தகடு, தாமிரம் எழுதியாயிற்று.
‘கட்டிய இடம்’ மட்டும் காலி.

பித்தளைப் பட்டயம் ஒன்று எங்காவது இருக்கும்
என்றான் பூவலிங்கம்.
இருந்தது, சுக்கான் அறைக்குக் கீழே.
சுரண்டினான்.
வெள்ளைக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் வேறொரு முதலாளியின் நீலம்,
பிறகு சிவப்பு,
பிறகு 1961.
ஊர்ப்பெயர் தேய்ந்துபோய் முதல் எழுத்துதான் மிச்சம்:
ஒரு வட்டம், அதன் தலையில் இரண்டு புள்ளி.

ஒரு புள்ளி வைத்தாலே
நம் எழுத்து வாயை மூடிக்கொள்கிறது.
இரண்டு வைத்தால் என்ன செய்யும் அந்த ஊரில்?

பூவலிங்கத்துக்கு அது பற்றிக் கவலையில்லை.
பற்றவைத்த தையலைத் தடவிப் பார்த்து
‘இத ஒட்டுனவன் இடதுகைக்காரன்’ என்றான்.
கண்ணாடியை இறக்கிக்கொண்டு
அதே தையலில் நெருப்பை வைத்தான்.

அதற்கு முந்தின நாளைச் சொல்ல வேண்டும்.
முன்கதவை மணலில் இறக்கியிருந்தோம்.
உள்ளே நாற்பது கார் நிற்கும் வெற்றுத் தரை,
மஞ்சள் கோடுகள், அம்புக்குறி,
கட்டத்துக்கு ஒன்றாய் எண்ணெய்க் கறை.
டீக்கேனோடு எம்-80இல் வந்த சீனி உதுமான்
சரிவில் ஏறி நேரே உள்ளே வந்தார்.
எங்கே வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம்.
இரண்டு மஞ்சள் கோட்டுக்கு நடுவே,
அம்பு காட்டிய பக்கம் பார்த்து
ஸ்டாண்டு போட்டார்.
சாவியைக்கூட எடுத்துக்கொண்டார்.

‘அக்கரை எப்பப்பா வரும்?’

யாரோ சிரித்தார்கள்.
பிறகு எட்டுப் பேரும் நின்றபடி குடித்தோம்,
ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு.

முன்கதவு பதினொரு டன் இருநூறு கிலோ.
விருதுநகர் லாரியில் போனது,
கம்பியாக உருட்ட.
பட்டயம் மூன்று கிலோ நானூறு.
பித்தளைக் கணக்கில் சேர்த்தேன்.

காலிக் கட்டத்தில்
அந்த வட்டத்தை வரைந்தேன்.
புள்ளி இரண்டும் மறக்காமல் வைத்தேன்.

ராமநாதபுரம் ஆபீசில் கேட்டார்கள்,
இது என்னய்யா, ஊரா?

எடை சரியா இருக்கும் சார் என்றேன்.