கடைசிப் பதினாறு பக்கம்

கொண்டாவில் சபையின்ர பின்வளவில
தார்ப் பீப்பாய் ஒண்டு.
மண்ணெண்ணெய் விட்டது சாமுவேல்தாசன்,
போன கிழமை என்ர ஓட்டோவுக்கு ரயர் மாத்தித் தந்தவர்.
உலகத்துக்குரியதை எல்லாம் கொண்டுவாங்கோ எண்டு
போதகர் மூண்டு ஞாயிறு சொல்லியிருந்தார்.

சனம் கொண்டுவந்தது.
ஒரு பிள்ளை, நடிகரின்ர படம் ஒட்டின பென்சில் பெட்டி.
ரஞ்சிதமக்கா சீரியல் பாக்கிற ரீவியின்ர
றிமோட்டை மட்டும்;
ரீவி கனடாவில இருந்து மருமகன் அனுப்பினதாம்.
நான் யூரியாப் பையில முப்பத்திரண்டு மாதநாவல்.

நான் விசுவாசி. அதில பகிடி இல்லை.
காரைநகர்க் கடலில முழுகி எழும்பினனான்.
குடி என்னை விட்டது ஆராலை எண்டு எனக்குத் தெரியும்.
அவற்ர பேர் ஓட்டோவின்ர பின்கண்ணாடியில இருக்கு.
'அண்ணை, ஒரு பாட்டுப் போடுங்கோ' எண்டு ஏறுற பெடியளுக்கு
ஜெபப்பாட்டைப் போட்டுவிட்டு
இறங்குமட்டும் கண்ணாடிக்குள்ளால முகம் பாப்பன்.
ஆக்கள் இல்லாத நேரம், கோப்பாய் வெளியில,
காத்துக்குப் பழைய படப்பாட்டொண்டு வாயில வரும்.
கடிச்சு விழுங்குவன்.
விழுங்கினது உள்ளுக்குப் போயிருந்து பாடும்.

ஆஸ்பத்திரி றோட்டில ஓட்டம் பாத்து நிக்கேக்க
வாசிச்சு முடிச்ச நாவல்தான் எல்லாம்.
ஒண்டைத் தவிர.

தொண்ணூத்தஞ்சு, ஐப்பசி கழிஞ்ச மழை.
சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூடம்,
ஒரு வகுப்புக்குப் பதினொரு குடும்பம்.
வாங்குக்குக் கீழ கிடந்தது அது. மட்டை இல்லை,
கடைசிப் பதினாறு பக்கமும் இல்லை,
ஆரோ அடுப்பு மூட்டியிருக்கவேணும்.
குப்பிவிளக்கில சத்தமாய் வாசிச்சன்:
தோட்டத்துப் பங்களா, உள்ளால பூட்டின அறை, செத்த முதலாளி.
ஷெல் கூவேக்க நிப்பாட்டி,
விழுந்த திசை கேட்டு,
பிறகு அதே வரியில தொடங்குவன்.
மூண்டாம் இரவு பக்கம் முடிஞ்சுது.
சமையல்காரன் எண்டு பாதிச் சனம், மனுசிதான் எண்டு மிச்சம்.
கைப்பிள்ளையோட இருந்த மனோன்மணி
'எழுதினவன்தான் கொண்டவன்' எண்டா.
பதினொரு குடும்பமும் சிரிச்சுது.
அந்தச் சிரிப்புக்கு அப்ப எனக்குப் பேர் தெரியாது.
இப்ப தெரியும்.
சாட்சி சொல்லுற நேரத்தில சொல்லப் பயம்.

பீப்பாய்க்குள்ள முதல் மட்டை சுருண்டுது.
அந்த மணம்.
இந்த ஊரில ஐம்பது தாண்டின ஆருக்கும்
கடதாசி எரியிற மணத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.
போதகருக்கு முப்பது வயசு, மட்டக்களப்பு ஆள்.
என்ர மகளின்ர காய்ச்சலுக்கு
விடியவிடிய முழங்காலில நிண்ட மனுசன்.
அவருக்கு அது குப்பை மணம்.
பென்சன் எடுத்த லிகிதர் அருள்வரதர் பக்கத்தில நிண்டார்,
கையில ஒண்டும் கொண்டுவராமல்.
அவற்ர கண்ணை நான் பாக்கேல்லை.

ஆண்டவர் சொன்ன கதையிலயும்
முடியாத கதை இருக்கு.
கோவிச்சுக்கொண்டு முற்றத்தில நிண்ட மூத்தவன்
விருந்துக்குள்ள போனானோ?
அந்தப் பக்கத்தை ஒருத்தரும் எழுதேல்லை.

முப்பத்தொண்டைப் போட்டன்.
மனதாரத்தான். சிலது எரியவேண்டியது,
மட்டையிலயே தெரியும்.
மட்டை இல்லாததைச் சேட்டுக்குள்ள செருகினன்,
கள்ளன் மாதிரி.

போதகரை நான்தான் கொண்டுபோய் விடவேணும்.
திருநெல்வேலிச் சந்திமட்டும் ஒரு கதையும் இல்லை.
இறங்கவேண்டிய இடத்தில அவர் இறங்கேல்லை.
'அண்ணன், அதுல என்ன கதை?'
கொலை எண்டன்.
மழை தூறத் துவங்கிட்டுது.
'ஆரு செஞ்சது?'

எஞ்சினை நூத்துப்போட்டு
பின்சீற்றுப் பக்கம் திரும்பினன்.