நான்காம் கட்டம்

படிவத்தின் நான்காம் கட்டம் கேட்கிறது:
கைதிக்கு நீங்கள் என்ன முறை?

ஓக்லஹோமா சிட்டிக்கு இன்னும் நாற்பது மைல்.
ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில்
வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஹீட்டர் முழங்காலை மட்டும் சுடுகிறது.
கட்டத்தை வெறுமையாய் விட்டால் மனு செல்லாதாம்.

என் பெயர் வெர்னா டட்டில்.
முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
என் மகன் டெல்பர்ட்
இப்படியொரு பங்க்கில்தான் இரவு வேலை பார்த்தான்.
அவனுக்கு இருபத்திரண்டு.
சுட்டவனுக்குப் பத்தொன்பது, பெயர் லானி ப்ரேதர்.
கல்லாவில் இருந்தது எண்பத்து மூன்று டாலர்.
அதிலும் ஐந்தைச் சிந்திவிட்டு ஓடியிருக்கிறான்.

தீர்ப்பன்று நான் கைதட்டினேன்.
யாரும் என்னை அடக்கவில்லை.

நவம்பர்தோறும் அவனிடமிருந்து ஒரு கடிதம் வரும்.
பதினொன்றைப் பிரிக்காமலே ஃப்ரீசரில் போட்டேன்,
மான் இறைச்சிக்கு அடியில்.
ஏன் எரிக்கவில்லை என்று கேட்காதீர்கள்.
பன்னிரண்டாம் வருடம் பனிப்புயலில்
ஐந்து நாள் மின்சாரம் இல்லை.
எல்லாம் உருகி ரத்தத் தண்ணீராய் ஓடியது.
ஈரக் காகிதங்களை விறகடுப்பின் பக்கத்தில்
ஒவ்வொன்றாய் விரித்தேன், காயட்டுமென்று.
விரித்தால் கண் படாமல் இருக்குமா?

மன்னியுங்கள் என்று ஒரு வரி இல்லை.
குடிகார அப்பன், பட்டினி, எதுவும் இல்லை.
அந்த இரவு மட்டும் இருந்தது,
திரும்பத் திரும்ப, ஒவ்வொரு வருடமும்
இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாய்.

"என் கை நடுங்கியதை அவர் பார்த்தார், அம்மா.
'குளிருதா? கதவைச் சாத்திட்டு வா' என்றார்.
சாத்தினேன்.
பிறகு சுட்டேன்."

கோர்ட்டில் இதைச் சொல்ல வக்கீல் விடவில்லையாம்,
சொன்னால் தலை போகும் என்று.
சொல்லாமலும் போனது.

கதவைச் சாத்திட்டு வா.
அது நான் வீட்டில் கத்துகிற கத்து.
பனி உள்ளே வருகிறது, சனியனே,
கதவைச் சாத்திட்டு வா.
என் சொல்தான் கடைசியாய்
என் பிள்ளையின் வாயில் இருந்திருக்கிறது.

போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நரைத்துப் போய், ஒடுங்கி, ஒருவன்.
ஒன்றுதான் கேட்டேன்:
எந்தக் குரலில் சொன்னான்? அதட்டலாகவா, சும்மாவா?
சொல்லிக்காட்டப் பார்த்தான். வரவில்லை.
அழுதான்.
நான் அழவில்லை. என் பங்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

நாளை என் மகள் ஜோலீன்
எதிர்ப்பக்க வரிசையில் உட்காருவாள்,
தம்பியின் படத்தை மார்பில் குத்திக்கொண்டு.
"நீ யாருக்கு அம்மா?" என்றாள் நேற்று.
அவள் கேட்டதில் தப்பில்லை.
நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தேன்,
பாத்திரம் நிறைந்த பிறகும்.

ஐயா, அம்மா,
அவன் நல்லவன் என்று நான் சொல்லவில்லை.
மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொன்னார்கள்;
எழுதவில்லை.
மார்ச் மாதத்தில், டெல்பர்ட் பிறந்த நாளில்,
அந்த ஊசியை நானே போடுவேன்.
மற்ற நாட்களில் இல்லை.
அவன் சாகும்வரை உள்ளேயே இருக்கட்டும்.
சாவு மட்டும் தானாய் வரட்டும்.

என் மகன் குரல் இப்போது இரண்டே இடத்தில்.
ஒன்று என் காதில்.
அது மங்கிக்கொண்டு வருகிறது,
சில நாள் என் அண்ணன் குரலோடு குழம்புகிறது.
இன்னொன்று அவனிடம்.
அதைத்தான் வியாழக்கிழமை
அணைக்கப் போகிறீர்கள்.

யாரோ ஜன்னலைத் தட்டுகிறார்கள்.
பங்க்குப் பையன், காது சிவந்து.
"ஏதாவது பிரச்சினையா மேடம்?
ரொம்ப நேரமாய் வண்டி ஓடுதே."
கண்ணாடியை இறக்கினேன்.
குளிர் மொத்தமும் உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது.
ஒன்றுமில்லை, உள்ளே போ என்றேன்,
கதவைச் சாத்து என்றேன்.

பேனாவைத் திறந்தேன்.
கட்டம் மிகச் சிறியது.
தாய், என்று எழுதினேன்.
யாருக்கு என்று எழுத
அதில் இடமில்லை.

கால் டேங்க் இருக்கிறது.
அதுவரை போகும்.